சாவி இல்லாதவனின் தாங்கோ

தேசிக்காய் மணம் வந்தால் மற்றவர்களுக்கு என்ன நினைவு வருமோ தெரியாது, எனக்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் இருந்த வீட்டின் ஒடுங்கிய படிக்கட்டும், இரவு வேலை முடித்துக் காலை எட்டு மணிக்கு அதில் ஏறிப்போகிற யோகன் மாமாவின் சட்டைக் கையும்தான் நினைவுக்கு வரும். அது எலுமிச்சை மரத்து உண்மையான தேசிக்காய் அல்ல. நகரத்து அலுவலகங்களின் தரையைத் துடைப்பதற்கு வாளித் தண்ணீரில் ஊற்றுகிற மஞ்சள் திரவத்தின் மணம். எத்தனை தரம் தோய்த்தாலும் அவருடைய சட்டையை விட்டு அது போவதில்லை என்று அம்மா முறையிடுவார். நான் பள்ளிக்கூடச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியில் குந்தியிருக்க, அவர் என் தலையில் மெல்லத் தட்டி, "ணிவா, பள்ளிக்கூடமோ?" என்று கேட்டுவிட்டு மேலே போவார். என் பெயர் வாணி. அதை அவர் ஏன் திருப்பிப் போட்டுக் கூப்பிட்டார் என்று சொல்வதானால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கவேண்டும்.

அது இரண்டாயிரத்து நான்கு, ஐந்து ஆண்டுகள். எனக்குப் பத்து வயது. நான் பிறந்தது ஒல்லாந்தில். அப்பாவின் கைக்கு ஒல்லாந்துப் பாஸ்போட் வந்ததும், அங்கே இருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைப் போல நாங்களும் சாமான்களைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டோம். அப்பா கடைகளில் குளிர்ப்பெட்டி திருத்துகிறவர். அம்மா மூன்று தெரு தள்ளி ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி நிறுத்துக் கட்டுவார். மேல்மாடியில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் வைத்தால் நிரம்பிவிடுகிற அறையை, "எங்கட ஊர்ப் பக்கத்துப் பொடியன்" என்று யாரோ அப்பாவிடம் கொண்டுவந்து விட்ட யோகன் மாமாவுக்குக் கொடுத்திருந்தோம். பொடியன் என்றாலும் முப்பத்தைந்து வயதிருக்கும். பாரிஸில் இரண்டு வருடம் இருந்து பார்த்துவிட்டு இங்கே வந்தவர். அவருடைய தாய் கிளிநொச்சிப் பக்கத்தில் தனியே இருந்தார்.

வந்த புதிதில் அவர் எதையோ கேட்கிறார் என்றே நினைத்தோம். படி இறங்கும்போதும் கோப்பை கழுவும்போதும் வாய்க்குள் "தாங்கோ, தாங்கோ" என்று இழுத்துக்கொண்டிருப்பார். எங்கள் பேச்சில் "தாங்கோ" என்றால் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்பது. அம்மா ஒருநாள் பொறுக்கமுடியாமல், "என்ன தம்பி வேணும், சீனியோ?" என்று கேட்டுவிட்டார். "இல்லை அக்கா, இது பாட்டு. என்னோடை வேலை செய்யிற ரூபன்ரை ஊர்ப் பாட்டு," என்றார். அம்மாவுக்கு ஊர் என்ற சொல் காதில் விழுந்தால் போதும். "ரூபன் எந்தப் பக்கம்?" "துறைமுகத்துப் பக்கம், அக்கா." அப்படியென்றால் திருகோணமலை என்று அம்மா தானாகவே முடிவு கட்டி, பிள்ளை தனியே இருந்து என்ன சாப்பிடுகிறதோ என்று இரக்கப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைத்துவரச் சொன்னார்.

நல்ல உறைப்பாக நண்டுக் கறி வைத்தார். கதவைத் திறந்தால், வெள்ளை மீசையும் தோள்வரை வெள்ளை முடியுமாக ஒரு கிழவனார், கையில் கேக் பெட்டியோடு நின்றார். அவர் ரூபன்தான், ஆனால் உருகுவே நாட்டு ரூபன், மொன்தேவீதியோத் துறைமுகத்துக்காரர். அம்மா அவரைக் கண்டதும், உறைப்பில்லாமல் முட்டை அவித்து வைக்கவென்று குசினிக்குள் ஓடினார். அவர் முட்டையைத் தொடவே இல்லை. கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட நண்டை உறிஞ்சிச் சாப்பிட்டு முடித்து, யோகன் மாமா முன்பே சொல்லிக் கொடுத்திருந்தபடி சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி, "தாங்கோ" என்றார். அந்த வீட்டில் அன்றைக்குப்போல நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது குறைவு.

சாப்பாடு முடிந்தபின் அவர் முன்னறையில் எழுந்து நின்று பாடினார். இந்தத் தாங்கோவைத்தான் டாங்கோ என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள், சிவப்புச் சட்டைக்காரியை ஒருவன் வளைத்துப் பிடித்திருக்கும் படம் போடுவார்கள். அந்தச் சோடனை எதுவும் எங்கள் முன்னறையில் இல்லை. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முறைப்பாடு சொல்லுகிறவர் மாதிரித்தான் பாடினார். ரூபன் ஆங்கிலத்தில் விளக்கியதை யோகன் மாமா இடைக்கிடை நிறுத்தி எங்களுக்குச் சொன்னார். கப்பலில் வந்து இறங்கியவர்கள், ஒரு முற்றத்தைச் சுற்றிப் பத்துக் குடும்பமும் ஒரு தண்ணீர்க் குழாயுமாக வாழ்ந்தவர்கள், இறைச்சி வெட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், அவர்களின் பாட்டு இது. விட்டுவந்த தெரு, ஏமாற்றிய கூட்டாளி, பார்க்கக் கிடைக்காத தாய், இவைதான் பொருள். தாயை அதில் "கிழவி" என்றுதான் பாடுவார்களாம், அதுதான் பாசமாம். "பெத்த தாயை ஆரும் கிழவி எண்டுவினமோ" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். முதலாளிக்கும் பொலிசுக்கும் விளங்கக்கூடாது என்று சொற்களைப் பின்பக்கத்தை முன்னால் போட்டுப் பேசுகிற வழக்கமும் அந்த மக்களிடம் இருந்ததாம். தாங்கோவையே "கோத்தான்" என்பார்களாம். ரூபன் கடைசியாகச் சொன்னதை யோகன் மாமா இரண்டு தரம் மொழிபெயர்த்தார். "ஆட்டத்தைப் பணக்காரர் எடுத்துக்கொண்டு போயிட்டினமாம். சொல்லு மட்டும் இன்னும் எங்களிட்டைத்தான் இருக்காம்."

அந்த "எங்களிட்டை" என்ற சொல்லில் யோகன் மாமா தன்னையும் சேர்த்துக்கொண்டார் என்று இப்போது விளங்குகிறது. அதன்பிறகு அவர் அடியோடு மாறிப்போனார். அந்தத் துப்புரவு வேலையில் அவரோடு நாலைந்து தமிழர் இருந்தார்கள். ரூபனிடம் பழகிய வித்தையைத் தமிழில் போட்டுப் பார்த்தார்கள். வேலை "லைவே" ஆயிற்று, வீடு "டுவீ" ஆயிற்று, நான் "ணிவா" ஆனேன். அவர் கூப்பிடும்போது அது "நீ வா" என்று காதில் விழும்; நானும் போவேன். பிறகு அவரே தாங்கோ மெட்டில் தமிழில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். "படத்துப் பாட்டிலை ஆரும் மொப் பிடிக்கிறானோ? கோயில் பாட்டிலை ஷிப்ட் இருக்கோ? பிறகு நாங்கள் எதைப் பாடுறது?" என்று அப்பாவிடம் வாதாடுவார். அப்பா, "மொப்பைப் பற்றி என்ன பாட்டடா, விசர்க் கதை" என்று சிரிப்பார். ஆனால் ஒருநாள் அப்பா குளிர்ப்பெட்டி ஒன்றைக் கழற்றிக்கொண்டே இந்த வரிகளை முணுமுணுத்ததை நான் கேட்டேன்:

"ஆறு மாடி துடைச்சன், என்ரை முகம் தெரியக் கண்டன்,
அதுக்கு மேலை சப்பாத்தோடை ஆரோ நடக்கக் கண்டன்."

நான் அந்தப் பாட்டுகளைப் பழகியது வீட்டு முன்மதிலில் குந்தியிருந்துதான். பள்ளிக்கூடம் விட்டு நான் வருகிற நேரம் அவர் மத்தியான ஷிப்ட் முடித்து வந்து அந்தக் குட்டை மதிலில் இருப்பார். கடையிலிருந்து அம்மா வரக் கால்மணி நேரம் பிந்தும். கதவைத் திறக்க என்னிடமும் திறப்பு இல்லை, அவரிடமும் இல்லை. அந்தக் கால்மணி நேரத்தில் மழை பெய்தால் அவருடைய வேலைக் கோட்டின் ஒரு பக்கத்துக்குள் நான் இருப்பேன். அவர் பாடப்பாட என் தமிழ் வகுப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவேன். "எழுதிப் பழகு பிள்ளை, நாளைக்கு நான் மறந்தாலும் நீ வைச்சிருப்பாய்" என்பார். மதிலில் அதிகம் பாடியது இதைத்தான்:

"சாவியைத் தாங்கோ, துரைமாரே, சாவியைத் தாங்கோ,
கிழவி கண்ணை மூட முன்னம் சாவியைத் தாங்கோ.
எல்லாரின்ரை பொக்கற்றிலும் கிலுங்குது, என்ரை பொக்கற்றிலை காத்து,
டுவீ வாசலிலை நிக்கிறன், சாவியைத் தாங்கோ."

இங்கேதான் நான் பிழை விட்டேன். யாழ்ப்பாணத்தார் வீட்டில் பூட்டைத் திறக்கிற பொருளின் பெயர் திறப்பு. சாவி என்ற சொல் எங்கள் வாயில் வராது. ஆனால் எனக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது, ஏனென்றால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்னையிலிருந்து வந்த டீச்சர் என் கட்டுரையில் "திறப்பு" என்று எழுதியிருந்ததைச் சிவப்பால் வெட்டி, மேலே "சாவி" என்று எழுதித் தந்திருந்தார். ஆகவே சாவி என்பது திறப்புக்கு உரிய நல்ல தமிழ் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பாட்டுக்குத் தகுந்த உயர்ந்த சொல்லை மாமா போட்டிருக்கிறார் என்று பெருமை வேறு. டுவீ என்றால் வீடு என்று தெரியும். வீட்டு வாசலில் திறப்பில்லாமல் நிற்கிறார். நான் கண்ணால் காண்கிறேனே. ஒன்றுமட்டும் விளங்கவில்லை, அப்பா ஏன் அவருக்கு ஒரு திறப்பு வெட்டிக் கொடுக்கவில்லை என்று. கேட்டால், "பிறகு பார்ப்பம்" என்பார். அப்பா கெட்டவர் அல்ல, பயந்தவர். எனக்கு அந்த வயதில் அந்த வித்தியாசம் தெரியாது. அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன்.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை யோகன் மாமா சட்டையை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி, சப்பாத்தை மினுக்கி, "சைன் வைக்க" என்று பஸ் ஏறிப் போவார். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். அது எனக்கு எங்கள் வகுப்பில் வரவு கூப்பிடுகிற மாதிரித்தான் இருந்தது. மாரிகாலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஊரில் இப்போது சமாதானம், திரும்பிப் போக ஒரு தடையுமில்லை என்று எழுதி, அவருடைய அப்பீலைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கு நாலு நாள் இருந்தது. குசினிக்குள் மூன்று பேரும் தேத்தண்ணி ஆற ஆறக் கதைத்தார்கள். "இந்த முறை போகாதை யோகன், போனால் திருப்பி விடமாட்டினம்" என்றார் அப்பா. லூயிஷாமில் தெரிந்த ஒருவர் ஒரு அறை இருக்கிறது என்றாராம். அங்கே போய்க் கொஞ்சக் காலம் பேசாமல் இருந்தால் வேறு வழி பார்க்கலாம். யோகன் மாமா தலையாட்டினார். அவர் வேறு வீட்டுக்குப் போகப்போகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கிற்று. காரணமும் விளங்கிவிட்டதென்று நினைத்தேன். திறப்புத் தராத வீட்டில் யார் இருப்பார்கள்?

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது அம்மா கடைத்தெருவில் மீன் வாங்க நின்றார்; பால் பையையும் வீட்டுத் திறப்பையும் என்னிடம் தந்து முன்னால் போகச் சொன்னார். வழியில் சப்பாத்துத் தைக்கிற கடை. அங்கே திறப்பும் வெட்டுவார்கள். கடைக்காரக் கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. மெசினில் வெட்டி, அரத்தால் ஓரத்தைத் தேய்த்து, சூடாக என் உள்ளங்கையில் வைத்தார். பிறந்தநாளுக்கு வந்த நாடாவில் அதைக் கட்டினேன். திங்கள் பின்னேரம் யோகன் மாமாவின் அறைக்குப் போனபோது அவருடைய பை கட்டி முடிந்து கட்டிலில் இருந்தது. "மாமா, உங்களுக்குச் சாவி" என்று நீட்டினேன்.

முதலில் சிரித்தார். பிறகு, "ஆர் பிள்ளை சொன்னது?" என்று கேட்டார். "நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் கேக்கிறனீங்கள், சாவியைத் தாங்கோ எண்டு. இனி நீங்கள் ஓரிடமும் போகத் தேவையில்லை" என்றேன். அவர் கட்டிலில் இருந்துவிட்டார். திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சந்தோஷத்தில் அழுகிறார் என்று எண்ணிக்கொண்டு, என் கெட்டித்தனத்தை நானே மெச்சியபடி கீழே இறங்கி வந்தேன்.

செவ்வாய் காலையில் எழும்பினால் சட்டை அழுத்துகிற மணம். பை பிரிக்கப்பட்டு உடுப்புகள் திரும்பவும் கதிரையில் கிடந்தன. அப்பா கோபத்தில் கத்துவதும் யோகன் மாமா மெதுவாகச் சொல்லுவதும் படிக்கட்டில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நான் ஓடினால் அவை என்னைத் தேடி இஞ்சதான் வருவினம், அண்ணை. என்ரை விலாசம் இதுதானே. திறப்புத் தந்த வீட்டு வாசலுக்குப் பொலிசைக் கொண்டுவர என்னாலை ஏலாது." யோகன் மாமா இறங்கி வந்து, நாடாவோடு திறப்பைச் சட்டைக்குள் கழுத்தில் போட்டு, "போயிட்டு வாறன், ணிவா" என்றார். அன்று பின்னேரம் நான் தனியே மதிலில் இருந்தேன். அம்மா வந்தார். அவர் வரவில்லை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் யோகன் மாமாவை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. அப்பா அவருடைய உடுப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்பதாம் நாள் கொழும்பு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன் அம்மாவோடு பேசினார். என்னிடம் சொல்லச் சொன்னது ஒன்றுதான். "பிள்ளைக்குச் சொல்லுங்கோ, திறப்புப் பத்திரமா என்னட்டை இருக்கு." அந்தக் கிழமையே அம்மா, யாரும் வந்து சோதித்தால் என்ன செய்வது என்ற பயத்தில், என் கொப்பியின் பின்பக்கத் தாள்களைக் கிழித்துக் குசினி அடுப்பில் கொளுத்தினார். மேலே நான் எழுதியிருக்கிறவை தவிர மற்றப் பாட்டுகள் எல்லாம் அதோடு போயின. கொழுந்துவிட்ட தாளைப் பார்த்தபடி அம்மாவும் அழுதார்; நான் அவரை மன்னிக்கப் பல வருடம் எடுத்தது.

சில ஞாயிறுகள் கழித்து ரூபன் வந்தார். மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லையாம். யோகன் வருவதில்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அம்மா சோறு போட்டார். அவர் கோப்பையை நீட்டவில்லை. பிறகு எழுந்து நின்று, முன்பு போலவே கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யோகன் மாமாவின் பாட்டை யோகன் மாமாவின் தமிழிலேயே பாடினார். ஒரு சொல்லும் விளங்காமல் முழுதும் பாடமாக்கி வைத்திருந்தார். "சாவியைத் தாங்கோ" என்று வந்ததும் நான் அழுதுகொண்டு, நான் அவருக்குச் சாவி கொடுத்தேன், வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ரூபனுக்கு நான் சொல்வது பிடிபடவில்லை. திறப்பா, எந்தத் திறப்பு என்று கேட்டார். பிறகு, விரலால் காற்றில் இரண்டு பெட்டி கீறி, அவற்றை இடம் மாற்றிக் காட்டினார். சா, வி. வி, சா. அது விசா, குழந்தை, என்றார். சாவி என்று தமிழில் ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர்கள் துடைத்த கட்டடத்தின் தமிழர் எல்லோரும் விசாவை அப்படித்தான் சொன்னார்களாம். விசா இருந்தால் தாயைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். அதைத்தான் யோகன் மாமா கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது முழுக்கத் தெரிந்திருந்தது. பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொழும்பிலிருந்து யோகன் மாமாவின் கடிதம் ஒன்று வந்தது. அதன்பின் தாயோடு இருப்பதாக ஒரு போன் வந்தது. கிழவி தன்னை அடையாளம் கண்டுவிட்டதென்று சிரித்தாராம். பிறகு சமாதானம் முறிந்து, சண்டை அந்தப் பக்கமெல்லாம் போய் முடிந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அப்பா பல இடங்களில் விசாரித்தார். பெயர் எழுதிய பட்டியல்களில் அவர் பெயர் எதிலும் இல்லை, இருப்பவர் பக்கத்திலும் இல்லாதவர் பக்கத்திலும்.

இப்போது நான் ஹரோவில் இருக்கிறேன். ஒரு காலத்தில் அவர் துடைத்திருக்கக்கூடிய மாதிரியான கட்டடம் ஒன்றில் வேலை. நேரத்தோடு போகிற நாட்களில் துப்புரவுக்காரர்களைக் காண்கிறேன். எல்லோருடைய காதிலும் கம்பி, ஒருவர் பாடுவதை மற்றவர் கேட்க வழியில்லை. போன வருடம் ஒரு டாங்கோ வகுப்பில் சேர்ந்தேன். வழுக்கும் தரை, நல்ல சப்பாத்துகள், நல்ல மனிதர்கள். பாட்டின் சொற்கள் எனக்கு வேண்டும் என்று கேட்டபோது, இங்கே நாங்கள் காலைத்தான் பார்ப்போம் என்று ஆசிரியை அன்பாகச் சொன்னார். இரண்டாம் வகுப்புக்கு நான் போகவில்லை. ரூபனும் எங்கே போனார் என்று தெரியாது. அந்த மீசைக்காரர் இல்லாவிட்டால் யோகன் மாமாவின் மெட்டைச் சரியாகத் தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான். என்னுடைய குரலோ அம்மாவே வேண்டாம் என்கிற குரல்.

அப்பா இறந்தபின், இந்த வருடம், தோர்ண்டன் ஹீத் வீட்டை விற்றோம். இத்தனை வருடமும் அந்த முன்கதவுப் பூட்டு இறுகி, தோளால் இடித்தால்தான் திறக்கும். மாற்றுவோம் என்று நான் சொன்ன ஒவ்வொரு தரமும் அம்மா, "இருக்கட்டும் பிள்ளை" என்றுவிடுவார். நானும் வற்புறுத்தவில்லை, காலை எட்டு மணிக்கு வெளியே யாராவது பூட்டைக் குடைகிற சத்தம் கேட்டால் எங்கள் இருவருக்கும் கை வேலை அப்படியே நின்றுவிடும். வீட்டை ஒப்படைக்கிற நாள், விற்றுத் தருகிற கொம்பனிப் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு எத்தனை திறப்பு என்று கேட்டாள். மேசையில் அப்பாவினது, அம்மாவினது, என்னுடையது என்று மூன்று கிடந்தன. நான் மூன்று என்று சொல்ல வாய் எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"நாலு எண்டு எழுதச் சொல்லு. ஒராள் வெளியிலை நிக்குது."

அந்தப் பெண் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் நாலு என்றேன். நாலாவது எங்கே என்று கேட்டாள்; வந்துவிடும் என்றேன். போன கிழமை அந்தத் தெருவால் பஸ்ஸில் போனபோது பார்த்தேன். மதிலை இடித்துக் கார் நிறுத்த இடம் எடுத்திருக்கிறார்கள். கதவில் புதுப் பூட்டு.